பழுது சரிசெய்யப்பட்டது

வெள்ளிக்கிழமையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க இயக்குநரின் ஒரு கையெழுத்து போதும். விண்ணப்பம் கொடுத்து மூன்று வாரமாயிற்று. "பொருள்: கடல் முள்ளெலிக் கருக்களில் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு – ஆய்வை நீட்டிக்க வேண்டுதல்."

திங்கட்கிழமை ஏணியோடு எலக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

"மேடம், டி.என்.ஏ. எந்த ரூம்ல பழுதாயிருக்கு?"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு முத்திரை சார் என்று பட்டப்பெயர். எந்தத் தாளிலும் முதல் வரிக்குக் கீழே அவர் கண் இறங்காது. 'பழுது' என்று பார்த்ததும் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு குத்துக் குத்தித் தள்ளிவிட்டிருக்கிறார். என் ஆய்வு விளக்கு எரியாமல் இரண்டு மாதம். அதற்கு நான் கொடுத்த புகாரில் 'ஆய்வு' என்று இருந்துவிட்டதால், அது ஆராய்ச்சிக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது!

வந்தவர்மேல் எரிந்து விழுந்து என்ன பயன்? கண்ணாடித் தட்டுகளைக் காட்டினேன்.

"கடல்ல முள்ளுப் பந்து மாதிரி இருக்குமே, அதோட முட்டைங்கண்ணா. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டா, உள்ள இருக்கற டி.என்.ஏ. இழை கெட்டுப்போகும். அதைச் சரிபண்ண முட்டைக்குள்ளயே ஒரு நொதி இருக்கு. ஆனா அது வேலை செய்யணும்னா வெளிச்சம் வேணும்."

"கெடுத்த வெயிலே சரியும் பண்ணுதா? எங்க மாமியார் மாதிரி. காலைல திட்டித் தீர்ப்பாங்க, மத்தியானம் அவங்களே சாப்பாடு கட்டிக் குடுப்பாங்க."

"அந்த வெளிச்சத்துக்குத்தான் வழியில்ல. விளக்கு செத்துக் கிடக்கு."

அவர் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். புதன்கிழமை புது முட்டைகளைக் கருவுறச் செய்து, புற ஊதாக் கதிர் காட்டினேன். பாதியை இருட்டு அலமாரியிலும் பாதியை விளக்கின் கீழும் வைத்தேன். மறுநாள் காலை, இருட்டில் இருந்தவை சிதைந்து கிடந்தன. வெளிச்சத்தில் இருந்தவை சுழன்று சுழன்று நீந்தின. உடனே நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தேன்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் ஒரு படிவத்தோடு வந்தார்.

"ஒரு கையெழுத்து மேடம். இல்லேன்னா எனக்கு மெமோ குடுத்துடுவாங்க."

'பழுதானது: டி.என்.ஏ. தற்போதைய நிலை: சரிசெய்யப்பட்டது.' இரண்டு முறை படித்தேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நுண்ணோக்கிப் படங்களை எடுத்துக்கொண்டு முத்திரை சாரிடம் ஓடினேன். அவர் என் கோப்பைத் திறந்து, அந்தப் படிவத்தின் மேல் விரலை வைத்தார்.

"சரியாயிடுச்சுன்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க. அப்புறம் நீட்டிப்பு எதுக்கும்மா?"

"சார், அது வேற பழுது..."

"எல்லாப் பழுதும் ஒரே பிரிவுதான்."

'முடிக்கப்பட்டது' என்று குத்தினார். நான் படங்களை அவர் மேசையில் பரப்பினேன். ஆய்வகச் சாவிக்காகக் கையை நீட்டியபடி, உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்:

"கவலைப்படாதீங்க. மறுபடி பழுதாச்சுன்னா எலக்ட்ரீஷியனை அனுப்பறோம்."