ஈரம் காயாத பிள்ளை

எங்கள் மாடிக்கும் அடுத்த வீட்டு நரூப்தும் என்பவளின் மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதை உயர்த்தப் போவதாகச் சொல்லி அவள் மண்கற்களை அறுத்து வெயிலில் காயப்போட்டிருந்தாள். யார் கண்ணுக்குப் பயந்து என்று சிப்பார் நகரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கல் காய்வதற்குள் அவள் வீட்டில் இடி விழுந்தது. அவள் வளர்த்த பெண் தரீபாவுக்குப் பெரிய இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு ஆடுகளும் எண்ணெய்க் குடங்களும் சீராக வரும் என்று தெருவில் பேச்சு; நானும் கொஞ்சம் பேசினேன். பேச்சு படகுத்துறையை எட்டியதும், அங்கே இருந்த பெற்ற தகப்பன் நூரிலிஷுவுக்குப் பாசம் சுரந்துவிட்டது. பால் கொடுத்து வளர்க்கத்தான் கொடுத்தேன், பெண்ணைத் திருப்பித் தரட்டும் என்று நகரவாசலில் நீதிபதிகள் முன்னால் போய் நின்றான்.

பிறந்த ஈரத்தோடு எடுத்த பிள்ளையைப் பெற்றவன் திருப்பிக் கேட்க முடியாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவன், குளிப்பாட்டி, உப்புத் தடவி, சில நாள் வைத்திருந்துதான் கொடுத்தேன் என்றான். பெற்றவளும் மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு வீட்டுச் சிநேகிதத்தில் அன்றைக்குப் பத்திரமும் எழுதவில்லை.

நரூப்தும் சுவரோரம் வந்து நின்றாள். "அக்கா, அன்னிக்கு நீங்க பார்த்தீங்கதானே?"

"எட்டிப் பார்க்கிற கண்ணு அவிஞ்சு போகணும்னு போன வாரம் யாரோ சொன்னாங்களே."

"அது பூனையைச் சொன்னேன்க்கா."

"அப்போ பூனையையே சாட்சிக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. அழுது வீங்கிய முகம். நான் என் மேல்போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நகரவாசலுக்குக் கிளம்பினேன்.

நீதி காக்கும் சூரியன் சமாஷ் தேவனின் சின்னமாகச் சத்தியத்துக்கு வைத்திருந்த ரம்பத்தின் மேல் கை வைத்து, நான் கண்டதைச் சொன்னேன். மருத்துவச்சி கூடையில் கொண்டுவந்தபோது பிள்ளை உடம்பெல்லாம் ரத்தம். துடைக்கத் துணி தேடாமல், நீலக்கரை போட்ட தன் புதுப் போர்வையிலேயே நரூப்தும் அதைச் சுற்றிக்கொண்டாள்.

"அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறதுதான் உனக்கு வேலையாம்மா?" என்றார் மூத்த நீதிபதி.

"ஆமாங்கய்யா. வேற வேலை பார்த்திருந்தா இன்னிக்கு இங்க நின்னிருக்க மாட்டேன்."

"நீ சொல்றது நிஜம்னு வேற யாருக்குத் தெரியும்?"

கூட்டத்தில் எழுந்த முனகலைக் கிழித்துக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியுங்கய்யா" என்றது ஒரு குரல். நூரிலிஷுவின் சொந்தத் தங்கை, என்னைக் கைகாட்டினாள். "ரத்தம் பட்டு நல்ல போர்வை பாழாப்போச்சு, பாழாப்போச்சுன்னு இந்தம்மா அந்த மாசம் முழுக்கத் தெருவையே தூங்க விடல. எங்க அண்ணன்கிட்டயே சொல்லிச்சு. அப்போ அவரு வாயைத் திறக்கலையே."



தரீபா நரூப்தும் வீட்டுப் பிள்ளை என்று தீர்ப்பானது. நரூப்தும் அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்த எனக்கும் தரீபாவுக்கும் மூச்சு வாங்கியது.

காய்ந்த கல்லில் புது ரொட்டி அடுப்பு எழும்பியது. சுவர் இடுப்பளவே இருக்கிறது. நேற்று தரீபா அதற்கு மேலாகச் சூடான பார்லி ரொட்டியை நீட்டி, "பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்றாள்.

சுவரேறி வந்து உட்காரச் சொன்னேன்.