கடைசி நாள் வரிசை

பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த என் அண்ணன் உஸாமாவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மப்டியில் வந்தவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எதையும் பார்க்கவில்லையாம். அம்மாவும் நானும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினோம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று துரத்தினார்கள்.

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் அரவிந்தன் வீட்டுக்கு ஓடினோம். விஷயத்தைக் கேட்டதுமே அவர் பேனாவை எடுத்தார்.

"முதல்ல கமிஷனருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் தந்தி குடுங்க. இன்னைக்கே புடிச்சுட்டாங்கன்னு தந்தி ரசீது கையில இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேற எங்கேயோ வச்சுப் புடிச்சதா எழுதிருவாங்க. இன்னையோட நாடு பூரா தந்தியையே நிறுத்துறாங்க, சீக்கிரம் போங்க."

ஃபேக்ஸ் கடையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், போனில் சொன்னால் சாட்சி நிற்காது என்றார். வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

தந்தி ஆபீசில் திருவிழாக் கூட்டம். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஞாபகார்த்தமாம். தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டு, ஃபாரத்தைக் கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவசரம், கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று கெஞ்சினேன். "எல்லாருக்கும் அவசரம்தாம்மா, இன்னைக்கு விட்டா கிடைக்காதே" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. போலீஸ் என்று நான் வாயெடுத்தபோது அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். முக்காடு போட்ட இரண்டு பேர், பையனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்று சொன்னால் இத்தனை பேரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பேசாமல் நின்றோம்.

எங்களுக்கு முன்னால் சில பேர் இருக்கும்போது கவுன்டரில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். கடைசி நாளென்று பொன்னாடை போர்த்தியிருந்த ஊழியர் எங்கள் ஃபாரத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"மேலேயே லைனை மூடிட்டாங்கம்மா. என் கையில ஒண்ணுமில்ல."

ஃபாரத்தைத் திரும்ப வாங்கிய அம்மா கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்து யாரோ படம் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை விடிகாலையில் சமயபுரம் ரோட்டில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடித்ததாக எழுதி, உஸாமாவை ரிமாண்டில் அனுப்பினார்கள். அன்றைய பேப்பரில் அம்மாவின் படம் வந்திருந்தது. 'தந்திக்குக் கண்ணீருடன் விடைகொடுத்த மூதாட்டி' என்று கீழே போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

அந்தப் பேப்பரோடு வக்கீலிடம் போனோம். முந்தின நாள் எடுத்த படம், கையிலிருக்கும் ஃபாரத்தில் ஒரு வரி தெரிந்தாலும் போதும், அதுவே சாட்சி என்று அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அம்மா அழறது மட்டுந்தாம்மா தெரியுது."