டகோட்டாவின் இடது இருக்கை

என் கார் ஷெட்டில் ஒரு டகோட்டா நிற்கிறது. மூக்கு மட்டும்தான். அந்தப் பழைய புரொபெல்லர் விமானத்தின் ஓட்டும் அறையைப் பலகையும் தகரமும் வைத்து நானே கட்டினேன். எதிரே பெரிய திரை. பறக்க வைப்பது கணினி. எங்கள் ஊரான பாண்டுங்கின் மலைகளுக்கு நடுவே அதை இறக்குவதில், இங்கே கூடி விமானம் ஓட்டிப் பழகும் எங்கள் குழுவில் என்னை மிஞ்ச ஆளில்லை, ஃபிர்மான் என்ற பொடியன் வந்து சேரும்வரை.

வந்த முதல் நாளே எஞ்சின் லீவரைத் தொட்டுப் பார்த்து, "மெதுவா இழுக்கணும், எஞ்சின் பாவம்" என்றான். எல்லோரும் சொக்கிப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவி இமாஸ் பொரித்த வாழைப்பழத் தட்டை முதலில் அவனிடம் நீட்டினாளே, அப்போது இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு பார்க்க வரப்போகிறது. அன்று கேப்டனின் இடது இருக்கையில் யார்? போட்டி வைத்தார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. சக்கரம் எவ்வளவு வேகத்தில் தரையில் மோதியது என்று திரையில் ஓர் எண் வரும். யாருடைய எண் சின்னதோ அவன்தான் ராஜா. ஃபிர்மான் தொப்பென்று இறக்கி, பாதி ஓடுதளத்திலேயே நின்றுவிட்டான். எண் பெரிது. வாய்விட்டுச் சிரித்தேன்.

என் முறை. மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். விமானம் இறங்காமல் மிதந்தது. இன்னும் மெதுவாக, இன்னும் கொஞ்சம்... பூப்போல இறங்கியது. யாரும் கண்டிராத சின்ன எண்! கையை உயர்த்தினேன். அதற்குள் ஓடுதளம் தீர்ந்து, வேலியைப் பிய்த்துக்கொண்டு வீடுகளுக்குள் போயிருந்தேன்.

"யாயன் அண்ணே, பயணிங்க பூப்போல போய்ச் சேர்ந்துட்டாங்க!" என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கவே இல்லை. இருக்கை ஃபிர்மானுக்குப் போனது.

எல்லோரும் போனதும் இமாஸிடம் வெடித்தேன். "என் வீடு, என் விமானம். ஞாயித்துக்கிழமை ஷெட்டைத் திறக்க மாட்டேன்."

"திறந்துதான் ஆகணும். வலது சீட்ல நான் உக்கார்றேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"நீயா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என்கூட உக்காந்திருக்கியா?"

"நீங்க எப்பக் கூப்பிட்டீங்க? உள்ள வந்தாலே எதையும் தொடாதேன்னுதான் சொல்வீங்க. அவன் கேட்டான், 'அக்கா, சக்கரத்தை இறக்குற பிடிய நீங்க பாத்துக்கறீங்களா'ன்னு."



ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்துவிட்டுக் கூட்டத்தோடு பின்னால் நின்றேன். தரை நெருங்கியது. இமாஸ் இரண்டு கையாலும் பிடியை அழுத்திவிட்டு, ஃபிர்மானைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அப்படி எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.