விளக்கெண்ணெயும் பதினைந்து செகண்டும்

ஆஷா டீச்சருக்குப் பதினைந்து செகண்ட் வேண்டும். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கிழக்குத் தாம்பரத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தில், அவள் கையால் செய்த பால்சா விமானம் பதினைந்து செகண்ட் பறந்தால் அறிவியல் மன்றம் பிழைக்கும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அபாகஸ் வகுப்புக்குப் போய்விடும். கரஸ்பாண்டென்ட் பத்ரிநாராயணன் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் வினிகரும் ஆப்பச் சோடாவும் கலந்து ஆஷா விட்ட ராக்கெட், மேலே போக மனமில்லாமல் நேராகப் போய் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மனுஷன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் துடைத்தார். ஆனால் மனசில் வைத்துக்கொண்டார். இந்த வருஷம் கூப்பிட்டு, "மிஸ், பேரன்ட்ஸ் எல்லாம் அபாகஸ் கேக்கறாங்க. உங்க கிளப்ல உருப்படியா ஏதாவது நடக்குதா?" என்றார்.

"ரப்பர்ல பறக்கிற பிளேன் செய்யறோம் சார். பதினஞ்சு செகண்ட் பறக்கும்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் ஆஷாதான். அவள் பார்த்து வைத்திருந்த வீடியோவில் அது முப்பது செகண்ட் பறந்தது. நம் கையால் பாதியாவது பறக்காதா என்று ஒரு கணக்கு. "பாக்கலாம். பதினஞ்சு பறந்தா கிளப் இருக்கட்டும்" என்று அவர் முடித்துவிட்டார்.

அந்த ஒரு பீரியட் போனால் வாரத்தில் மிச்சமிருப்பது எல்லாம் சிலபஸ்தான். முப்பத்தொரு பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைக்கிற அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் அவள் மற்ற நாட்களையே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொரு நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையை விமானம் பிடித்துக்கொண்டது. பால்சா என்பது பூவை விட லேசான கட்டை. பிளேடை இழை போகிற பக்கம் ஓட்டினால் வெண்ணெய், குறுக்கே ஓட்டினால் பொடிப்பொடி. முதல் இறக்கை அப்படித்தான் போனது. இரண்டாவதை உப்புத்தாளால் தேய்த்து, பசை காயும்வரை இரண்டு முனைகளுக்கும் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, மேல்நோக்கி வளைத்து ஒட்டினாள். ஹாலில் சோபாவிலிருந்து கைவிட்டால் ஃபிரிட்ஜ்வரை அழகாக மிதந்து போனது. இனி முன்னாலிருக்கும் விசிறிக்கும் வாலுக்கும் நடுவே ரப்பர் பட்டையை மாட்டி முறுக்க வேண்டியதுதான் பாக்கி.

ரப்பர் அறுந்துபோகாமல் இருக்க ஓர் இரவு முழுக்க ஆமணக்கு எண்ணெயில் ஊறட்டும் என்று வீடியோக்காரர் சொன்னார். ஆஷா கணவன் தயாளனுக்கு மெசேஜ் போட்டாள்: 'வரும்போது விளக்கெண்ணெய் ஒரு பாட்டில்.'

தயாளன் படப்பையைத் தாண்டி ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். கேட்ட பொருளைக் கேட்டபடி கொடுத்தே பழகியவன். தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி, மளிகைக் கடையில் "விளக்கு எண்ணெய் குடுங்க" என்றான். கடைக்காரரும் கொடுத்தார். புணர்ச்சி விதிப்படி அவன் பிரித்தது நூற்றுக்கு நூறு சரி. தமிழ் ஐயா யாராவது பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். பாட்டில் மேல் குத்துவிளக்குப் படம் இருந்தது, மல்லிகை வாசம் வேறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற, பவர் கட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற குடும்பம் அது. ஆஷாவுக்கும் சந்தேகம் வரவில்லை. இருந்த ரப்பர் அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு மூழ்கடித்துவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எடுத்தால், ரப்பர் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி ஊதிப்போயிருந்தது. மனசைத் தேற்றிக்கொண்டு மாட்டினாள். முப்பதாவது சுற்றில் பட்டென்று அறுந்தது. இன்னொன்று இருபதிலேயே அறுந்தது. மூன்றாவதைத் தொட்டதுமே பிய்ந்து வந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் சுபத்ரா, வாசலில் கோலப்பொடியோடு நின்றவள், உள்ளேயே வந்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"ஏம்மா, தீப எண்ணெயையா ரப்பர்ல ஊத்தின?"

"விளக்கெண்ணெய்தானே அக்கா இது?"

"இது சாமி விளக்குக்கு ஊத்தறது. மினரல் ஆயில் எல்லாம் கலந்திருப்பான், ரப்பர் தாங்குமா? நீ கேக்கறது ஆமணக்கு. வயித்தக் கலக்கக் குடிப்பாங்களே, அது."

தயாளன் பல் விளக்கிய பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் நின்றான். "விளக்குக்கு ஊத்துற எண்ணெய்தானே விளக்கெண்ணெய்? பேரே அப்படித்தானே இருக்கு?"

"உங்களத்தான் சொல்லணும், விளக்கெண்ணெய்னு" என்றாள் ஆஷா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. மணி ஆறு ஐம்பது. எந்தக் கடையும் திறந்திருக்காது. திறந்தாலும் அந்த ரப்பர் பட்டை அங்கே கிடைக்காது, கூரியரில் வர நாலு நாள் ஆகும். சுபத்ரா புருவத்துக்குத் தடவ வைத்திருந்த நிஜ விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெய் வந்துவிட்டது, ரப்பரைத்தான் காணோம்.

"ரப்பர்னா எதுவா இருந்தாலும் சரியா?" என்று தயாளன் மெதுவாகக் கேட்டான். "நம்ம தனக்கோடி கடையில சாம்பார் கட்டுவாங்களே."

ஆஷா கலைந்த தலையோடு தெருமுனைக்கு ஓடினாள். டிபன் கடை தனக்கோடி இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், காலங்காத்தால ஓடியாந்துகினு கீறீங்க?"

"அண்ணா, ரப்பர் பேண்ட் வேணும். இருக்கிறதெல்லாம்."

"எல்லாத்தையும் நீங்க எட்த்துகினா சாம்பார நான் இன்னாத்துல கட்றது?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவையே நீட்டினார். "செவப்பா பாத்து எட்த்துக்க. மஞ்சா பேஜாரு, இஸ்த்தா புட்டுக்கும்."

அவர் சொன்னது வேதவாக்கு. சிவப்பை மட்டும் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்து, ஸ்கூல் பிள்ளைகள் தாண்டி விளையாடுவதற்குக் கோப்பார்களே, அப்படி இரண்டு சரம் கோத்தாள். விளக்கெண்ணெயை விரலால் தொட்டுத் தடவினாள். நூறு சுற்று முறுக்கினாள். அறுந்துபோகவில்லை. நூற்று எண்பதில் சரம் முடிச்சு முடிச்சாகத் திரண்டு முனகியது. இதற்கு மேல் கேட்டால் அதுவும் கைவிட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

"நான் வரல. நான் வந்தா அதுவும் கெட்டுடும்" என்று தயாளன் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

மைதானத்தில் முப்பத்தொரு பிள்ளைகளும் வரிசை என்ற பெயரில் ஒரு கும்பலாக நின்றார்கள். பத்ரிநாராயணன் இன்றைக்கும் வெள்ளைச் சட்டைதான், ஆனால் பத்தடி தள்ளி நின்றார். பி.டி. மாஸ்டர் அனந்தகிருஷ்ணன் கையில் ஸ்டாப் வாட்ச். ஆஷா நூற்று எண்பது சுற்று முறுக்கினாள். ஆண்டவரே என்று ஒரு வார்த்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு பறக்கவிட்டாள்.

விமானம் முதலில் தரையை நோக்கிச் சரிந்தது. ஆஷா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் திறந்து பார்த்தால், அது தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வட்டம் போட்டு, கொடிக்கம்பத்தைச் சுற்றி, பஸ் ஷெட் கூரையை உரசுகிற மாதிரி போய்த் திரும்பியது. விசிறி நின்ற பிறகும் விழவில்லை. ஆற அமர மிதந்து இறங்கியது. அதற்குப் பின்னால் பிள்ளைகளோடு ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். கரஸ்பாண்டென்ட்தான்.

"இருபது!" என்றது ஒரு குரல். "இருபத்திரண்டு மிஸ்!" என்றது இன்னொன்று.

அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் வந்து வாட்சை மறைத்துக் காட்டினார். பதிமூன்று. "பதினஞ்சுன்னு சொல்லிடட்டா மிஸ்? யாருக்குத் தெரியப் போவுது" என்றார் காதோரம்.

நல்ல மனுஷர். ஆஷாவின் நாக்கும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போனது நிஜம். ஆனால் வாட்சில் வந்ததைத்தான் நோட்டில் எழுத வேண்டும் என்று இதே பிள்ளைகளை அவள் எத்தனை வெள்ளிக்கிழமை திட்டியிருக்கிறாள்.

"பதிமூணு சார்" என்றாள் உரக்க.

பத்ரிநாராயணன் விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றார். "பதினஞ்சுன்னீங்களே?"

"ஆமா சார். ரெண்டு குறையுது."

"ஏன் குறையுது?"

நாலு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் அறிவியல் கேள்வி. ஆஷா சொன்னாள். சரம் சரமாகக் கோத்தால் முடிச்சு கனம், ஒரே பட்டையாக இருந்தால் இன்னும் நூறு சுற்று தாங்கும், அந்தப் பட்டை தீப எண்ணெயில் ஊறிப் போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கு எண்ணெய் என்ற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப சரியான ரப்பர் வாங்குங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்தானே உங்களுது? அந்த ரெண்டு செகண்ட் எங்க போச்சுன்னு பசங்க கண்டுபிடிக்கட்டும். நானும் வரேன்."

"சார், அபாகஸ்?"

"அவங்க வேற நாள் வரட்டும். இப்ப இன்னொரு தடவை விடுங்க. நான் முறுக்கறேன்."

ஆஷா பஸ் ஷெட் நிழலில் போய் அப்படியே உட்கார்ந்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் ஒரேயடியாகப் பசித்தது. வீட்டுக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே தயாளன் எடுத்தான்.

"என்னாச்சு?"

"பதிமூணு."

"ஐயோ, ரெண்டுல போச்சா. எல்லாம் என்னாலதான் ஆஷா."

"ஆமா, எல்லாம் உங்களாலதான்" என்றாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "அந்த ரெண்டு குறைஞ்சதாலதான் பீரியட் நமக்கே கிடைச்சிருக்கு."