துணி கிழியும் சத்தம்

எழுபத்து நான்காம் வருடம் ஆடி மாதம், தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த சண்முகவேலுக்கு நிறங்கள் குழம்பின. மயில்கழுத்து நிறத்தில் சேலை கேட்ட அம்மாளுக்கு அரக்கு நிறத்தைப் பிரித்துப் போட்டார். கண்ணில் குறையில்லை என்றார் கண் டாக்டர். இரண்டே வாரத்தில், கடைப்படி இறங்கத் தெரியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். வயது ஐம்பத்திரண்டு.

பிறகு அந்தச் சத்தம். கடைச் சிப்பந்தி மல்துணியை அளந்து சர்ரென்று கிழித்தால், சண்முகவேலுக்கு உடம்பெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு கிழிசலுக்கும் ஓர் உதறல். மனைவி ஜெயபாரதி வந்து ரிக்‌ஷாவில் அழைத்துப்போனாள். வழியெல்லாம் அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை.

“பாரதி, எனக்குள்ள என்னமோ ஒவ்வொண்ணா அறுந்துக்கிட்டே போவுது. எனக்கே தெரியுது. என்னத் தனியா விட்டுராத.”

“நான் எங்க போவப்போறேன்? இங்கனதான இருக்கேன்.”

அடையாறில் நரம்பு டாக்டர் சந்திரமௌலி, தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைத் தாளில் எடுத்தார். நொடிக்கு ஒன்றாக, ஒரே மாதிரிக் கூர்முனைகள். ஜெயபாரதியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி கொடுக்கற இடம் மூளையில கோடி கோடியா இருக்கும்மா. இவருக்கு அது அழிஞ்சுண்டே வரது.”

“மருந்து?”

“இல்லை.”

“எத்தன வருஷம் இருப்பாவ?”

அவர் மேசையைப் பார்த்தார். “வருஷக்கணக்கு இல்லேம்மா.”

புரட்டாசியில் பேச்சு போயிற்று. கண்கள் மட்டும் அலைந்தன. தன்னைத்தான் தேடுகின்றனவா என்று ஜெயபாரதிக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் இறந்தார்.

செய்வினை என்றார் தம்பி இசக்கிமுத்து. மூளையை எடுத்துப் பரிசோதிக்க டாக்டர் அனுமதி கேட்டபோது, “அண்ணன முழுசாத்தான் கொண்டுபோவணும்” என்று மறித்தார்.

“என்னன்னு தெரியாம எரிச்சா, எம்புள்ளைகளப் பாத்துப் பாத்தே நான் செத்துருவேன்” என்று சொல்லிவிட்டு ஜெயபாரதி கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மூளை கடற்பஞ்சு போலத் துளைத்துளையாக இருந்ததாம். எதனால் வந்ததென்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. வரவே வராது என்று சொல்ல முடியாது.

வீடு திரும்பியவளை மூத்த மகள் மீனாட்சி வாசலிலேயே நிறுத்தினாள்.

“எனக்கும் வருமாம்மா?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “வராதுன்னுதான் சொல்லுதாவ. ஆனா உறுதியா யாருக்கும் தெரியலட்டி.”

மீனாட்சி உள்ளே போனாள்.

அதன்பின் அந்த வீட்டில் யாராவது பேச்சுவாக்கில் ஒரு பெயர் மறந்து தடுமாறினால், மற்றவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு, பெயர் வரும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.