உள்ளங்கால் தடிப்பதற்குள்

செருப்பில்லாமல் முதன்முதலாகத் தெருவில் இறங்கிய காலையில்தான், இறந்துபோன தன் கணவர் கடைசியாக அந்தத் தெருவை எவ்வளவு கோபத்தோடு கடந்தார் என்பதை அளவுக்காரி தெரிந்துகொண்டாள். அவர் போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்திருந்தன. கோபம் இன்னும் ஆறவில்லை. வாசலுக்கு வெளியே, தண்ணீர் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய குதிகால் விழுந்த இடத்தில் அப்படியே இருந்தது. அவள் கால் வைத்ததும் சுருக்கென்று ஏறி முழங்கால் வரை வந்து நின்றது. முள் என்று நினைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த அடியிலும் அதே சுருக். நாலைந்து அடிக்குப் பிறகு அந்த நடை யாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இடது காலை லேசாக வெளிப்பக்கம் வீசி நடக்கிற ஆள் அந்தத் தெருவில் வேறு யாரும் இருந்ததில்லை.

செருப்பை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. படியிறங்கும்போது வார் அறுந்தது. திரும்பப் போய் வேறு மாட்டிக்கொள்ள நேரமில்லை. வேலை பார்ப்பதே செருப்புக் கடையில், அங்கே செருப்புக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கடையில் அவள்தான் வாடிக்கையாளர்களின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஜோடியை மாட்டிவிடுகிறவள். வாசலில் ஆள் நுழையும்போதே என்ன அளவு என்று சொல்லிவிடுவாள் என்பதால் அளவுக்காரி என்ற பெயர் வந்தது. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார், கோபமாக இருக்கும் நாட்களைத் தவிர. அன்று கடைக்குப் போய்ச் சேர்ந்தவள் புதுச் செருப்பு எதையும் எடுக்கவில்லை.

தரை வைத்துக்கொள்வது செத்தவர்களின் காலடியை மட்டும்தான். இதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாள். உயிரோடிருப்பவர்கள் தங்கள் நடையைத் தங்களோடே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் போலும். பழைய தபால்காரர் நாய்க்குப் பயந்து பயந்து வைத்த அடிகள் மூன்றாம் வீட்டு வாசலில் கிடந்தன. நாய் செத்தும் பல காலம் ஆகியிருந்தது. அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் குடியிருந்த பெண் எதற்காகவோ மிகவும் சந்தோஷப்பட்டுப் படியேறியிருந்தாள், அதே படியில் வேறொரு நாள் சந்தோஷமே இல்லாமல் இறங்கியிருந்தாள். தெருவில் இருந்தவர்கள் இந்தச் செய்தியைப் பால் விலை கூடியதைக் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டுக்கொண்டார்கள். மூலைத் தையல்காரர் மட்டும், தன் அப்பா கடைசிக் காலத்தில் கடைக்கு வந்து வந்து நின்றாரே, மகன் தைப்பது பிடித்திருந்ததா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவருக்கு மூட்டுவலி, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை என்றாள். தையல்காரர், வலியோடும் வந்திருக்கிறார் பார் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

கடை முதலாளிக்குத்தான் சங்கடம். "செருப்புக் கடையில வெறுங்காலோட நிக்கிறியேம்மா. பல் டாக்டரே பொக்கை வாயோட உட்கார்ந்திருந்தா எவன் வாயைத் திறப்பான்?" என்றார். "வர்றவங்க அவங்கவங்க காலைத்தான் முதலாளி பார்க்கிறாங்க, என் காலை யாரு பார்க்கிறா" என்றாள் அவள். அது உண்மையாகவும் இருந்தது. சொல்லப்போனால், தனக்கென்று ஒரு செருப்புகூட வைத்துக்கொள்ளாதவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இரண்டு ஜோடி வாங்கிப்போனவர்களும் உண்டு. அதற்குப் பிறகு முதலாளி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். தொலைவில் இன்னொரு ஊரில் ஒரே இடத்தில் ஏழெட்டுக் கட்டடங்கள் எழும்புவதாகவும், ஒரு வருடம் அங்கேயே தங்கிவிட்டு வரலாமா என்றும் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையும் கேட்டார். அவள் தோசைக்கரண்டியோ துடைப்பமோ எதையோ கையில் வைத்துக்கொண்டு, "போறதுன்னா போங்க, உங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா" என்று சொன்னாள். எதைக் கையில் வைத்திருந்தோம் என்பதை அவளால் இன்றுவரை ஞாபகப்படுத்த முடியவில்லை. சொன்ன வார்த்தை மட்டும் எழுத்து பிசகாமல் இருந்தது. அவர் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெரு முடிந்து, மருந்துக்கடை தாண்டி, பெரிய சாலையில் பேருந்து நிறுத்தம். நிறுத்தம் சாலையின் இந்தப் பக்கம். அவர் விழுந்து கிடந்தது சாலையின் நடுவில். லாரிக்காரர் அழுதுகொண்டே, அவராகவே வந்தார், அவராகவே இறங்கி வந்தார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

நாத்தனார் அதை முடிக்கவில்லை. கணவருக்கு அக்காவான அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் தினமும் வேனை வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலேயே கேட்பார்.

"பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம். அவன் எதுக்கு ரோட்டுல இறங்கினான்?"

"தெரியலை அண்ணி."

"தெரியாது. அவன் கால் சைஸ் கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவ."

கியரைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். கணவர் சாகவென்றே இறங்கினாரா என்று அந்தக் கேள்விக்கு அர்த்தம். அவளும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறொருவர் வாயில் வரும்போது அது பழியாக இருந்தது, தன் வாயில் வரும்போது வெறும் இருட்டாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அதற்குப் பதில் தெரிய வழி பிறந்திருந்தது. மருந்துக்கடை தாண்டிப் போய், சாலையோரத்தில் செருப்பில்லாமல் நின்றால் போதும்.

அவள் போகவில்லை. வாசலிலிருந்து தையல் கடை வரைக்கும்தான் போனாள். ஏனென்றால் அந்த இடத்தில் ஓர் ஆச்சரியம் இருந்தது. மின்மாற்றிக் கம்பத்தைத் தாண்டும்போது அவருடைய நடை மாறியது. குதிகாலின் அழுத்தம் குறைந்து எடை முன்பாதத்துக்கு வந்தது. கோபம் அந்தக் கம்பத்தடியிலேயே, உதறிப்போட்ட ஈரத் துணிபோல் கிடந்தது. தையல் கடைத் திருப்பத்தில் அவர் சிரிக்கவே செய்திருந்தார். அவளை நினைத்துத்தான் சிரித்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் அவளோடு இருந்த ஆண்டுகளில் தனக்குள்ளே சிரித்துக்கொள்ளும்போது ஒரு காலின் கட்டைவிரலை மடக்குவாரே, அந்த மடிப்பு தரையில் இருந்தது. அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். காலையில் கடைக்குப் போகும்போது நின்றாள், மாலையில் திரும்பும்போது நின்றாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையே இல்லாமல் வந்து நின்றாள். தையல்காரர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அதற்கு மேல் போகாமல், சந்தைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். இன்று வேண்டாம், கால் எங்கே போய்விடப்போகிறது என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது.

பாதம் எப்படித் தடிக்கும் என்பது அந்த ஊரில் மற்ற எவரையும்விட அவளுக்குத் தெரியும். எத்தனையோ கால்களை மடியில் வைத்துப் பார்த்தவள். குதிகாலில் முதலில் வெண்மையாக ஒரு வளையம் வரும், பிறகு முன்பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே, பிறகு விளிம்பெல்லாம். வெறுங்காலோடு நடக்க நடக்க உடம்பே தனக்குத் தானே ஒரு செருப்பைத் தைத்துக்கொள்ளும். அதனால் மாலையில் வெந்நீரில் காலை ஊறவைத்தாள், நுரைக்கல்லால் தேய்த்தாள், எண்ணெய் பூசித் துணி சுற்றிப் படுத்தாள். தேய்த்த தோல் மறுநாள் தெருவில் இன்னும் வேகமாகக் காய்த்தது. தெரிந்தும் அவள் தன் பாதத்தின் மென்மை முழுவதையும் தெருமுனைச் சிரிப்பிலேயே செலவழித்தாள். ஒரு நாள் திருப்பத்தில் வந்து நின்றபோது கட்டைவிரலின் மடிப்பு கிடைக்கவில்லை. சற்று நகர்ந்து பார்த்தாள். காலுக்குக் கீழே இருந்தது தெரு மட்டும்தான்.

அன்று கடைக்குப் போகவில்லை. கிட்டத்தட்ட ஓடித்தான் போனாள். மருந்துக்கடையைத் தாண்டி, நடைமேடை விளிம்பு வரைக்கும் போய், இத்தனை நாளாகப் பயந்த இடத்தில் இரண்டு காலையும் ஊன்றினாள். சரளையின் சொரசொரப்பு, கொஞ்சம் சூடு, ஒரு புட்டி மூடியின் விளிம்பு. அவர் இருந்தார். அவளால் எட்ட முடியாத ஆழத்தில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றவளை நிறுத்தத்தில் இருந்தவர்கள் பேருந்து ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நாத்தனாரின் வேன் பள்ளியிலிருந்து திரும்பி வரும் நேரம் அது. அளவுக்காரி கை காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி, நீங்கதான் எனக்காக ஒண்ணு செய்யணும். ஷூவைக் கழட்டிட்டு இங்க இறங்கி நில்லுங்க."

நாத்தனாருக்கு விஷயம் தெரியும், ஊருக்கே தெரியும். "ஏன், உன் காலுக்கு என்ன வந்துச்சு?"

"காய்ச்சுப்போச்சு."

"எல்லாத்தையும் அந்தத் தையல்காரன் வாசல்லயே தீர்த்துட்டு, இப்ப எங்கிட்ட வந்து நிக்கிற."

"பயமா இருந்துச்சு அண்ணி."

"எனக்கு மட்டும் இல்லையா?"

ஆனாலும் இறங்கினார். வேனைச் சாலையின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்தார். கான்வாஸ் ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவிச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தார். வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு போட்டு நடக்கிற கால் அது. ஊறிய பாதாம்பருப்புபோல் வெளிறிப்போய், ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. இப்படி ஒரு பாதத்தைக் கடையில்கூடப் பார்த்ததில்லை என்று அளவுக்காரி அந்த நிலையிலும் நினைத்தாள். நாத்தனார் முதல் அடியை வைத்ததும் "கல்லு குத்துது" என்று முனகினார். இரண்டாவது அடியில் முனகலை நிறுத்திவிட்டார். ஹாரன் அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். நடைமேடை விளிம்பிலிருந்து நடுச்சாலை வரைக்கும், இடது காலை லேசாக வெளிப்பக்கம் வீசி, தன் தம்பியின் நடையிலேயே நடந்து போனார். அங்கே நின்றார். பிறகு திரும்பி வந்து வேனின் படியில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அளவுக்காரி ஷூவை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பசி," என்றார் நாத்தனார்.

"உங்களுக்கா?"

"அவனுக்கு. சரியான பசி. கண்ணு இருட்டுற பசி."

சாலையின் எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடை. அந்த நேரத்தில்தான் அடுப்பிலிருந்து தட்டுகளை வெளியே இழுப்பார்கள், வாசனை இந்தப் பக்கம் வரைக்கும் வரும். இருவரும் அதைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது.

"வேற ஒண்ணும் இல்லையா அண்ணி? கோவம்?"

"கோவம் இல்ல."

"என்னைப் பத்தி?"

"உன்னைப் பத்தியும் இல்ல, என்னைப் பத்தியும் இல்ல. பசிச்சவனுக்கு யாரு ஞாபகம் வரும்?" நாத்தனார் காலுறையை எடுத்தார், போடாமல் மறுபடி சுருட்டினார். "சாகப்போறவன் நடை இல்லடி இது. திங்கப்போறவன் நடை."

அளவுக்காரிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆறுதலாகவும் இருந்தது. அதே மூச்சில், தள்ளிவைத்த தட்டு மனதுக்குள் வந்து உட்கார்ந்தது. அவளை வெறுத்து அவர் சாலையில் இறங்கவில்லை. அவள் வார்த்தையைக் கேட்டுச் சாப்பிடாமல் வந்ததால் இறங்கினார். இரண்டில் எது பெரிய சுமை என்று அவள் பல வருடங்கள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு என்றால் அதோடு சண்டை போடலாம், திருப்பி நாலு வார்த்தை கேட்கலாம். பசியை என்ன செய்வது. அதில் அவளுக்கென்று ஓர் இடமே இல்லை. தன்னைப் பற்றிய நினைவே இல்லாமல் ஒரு மனிதர் தன்னைவிட்டுப் போயிருக்கிறார் என்பதைத்தான் அவளால் கடைசிவரை பழகிக்கொள்ள முடியவில்லை. அது தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

நாத்தனார் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேன் மட்டும் வழக்கம்போல் வாசலில் வந்து நின்றது. "சாப்பிட்டியா?" என்று இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்பார். சாப்பிட்டேன் என்றால் போய்விடுவார், இல்லை என்றால் இஞ்சினை அணைப்பார். வேன் ஓட்ட உடம்பு ஒத்துழைக்காத வயது வந்த பிறகு நடந்து வந்து கேட்டார், கடைசியில் அந்த வீட்டிலேயே வந்து தங்கிக் கேட்டார். வெறுங்கால் நடை மட்டும் அவருக்கு அந்த ஒரு நாளோடு சரி.

அளவுக்காரி திரும்பச் செருப்புப் போடவில்லை. தார் உருகும் கோடையிலும் போடவில்லை. அவள் பாதம் மாட்டுத் தோல்போல் ஆயிற்று, முதலாளியின் மகன் புதுத் தோல் வாங்கும்போது அவள் காலைக் காட்டி இந்தத் தரத்தில் வேண்டும் என்று வியாபாரியிடம் வேடிக்கை பேசுவான். ஒவ்வொரு நாள் காலையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு, மருந்துக்கடை தாண்டி வந்து அந்தச் சாலையைக் கடப்பாள். எதையாவது உணர்கிறாளா என்று யாராவது கேட்டால், "சுடுது" என்பாள். மழைக்காலமாக இருந்தால், "வழுக்குது". நடுச்சாலையில் ஒரு கணம் நடை தளரும். பிறகு, அவர் போகாமல் விட்டுவிட்ட மறுபாதியை நடந்து முடித்து, அந்தப் பக்கத்து நடைமேடையில் ஏறி, கடைக்குப் போவாள். முதலாளி காலமாகி மகன் முதலாளியாகி, ரொட்டிக்கடை கைமாறி, சாலைக்கு இரண்டு முறை புதுத் தார் போட்டு, பேருந்து எண்களெல்லாம் மாறிய பிறகும் நடந்தாள். நாத்தனார் போய், சில வருடங்கள் கழித்து அவளும் போனாள்.

அவருடைய காலடிகளும் அவளுடைய காலடிகளும் புதுத் தாரைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் சாலையைத் தாண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பசிக்கும். அவர்கள் அதை வீட்டில் சொல்வதுகூட இல்லை. நடுச்சாலை வரைக்கும் பசிக்கும், அதற்குப் பிறகு பசிக்காது.