மாலை போட்ட கம்ப்யூட்டர்

2008 ஆயுத பூஜையன்று, இராமநாதபுரம் மிளகாய் விவசாயிகள் சங்கத்தின் புதுக் கம்ப்யூட்டருக்குச் செயலாளர் மருதுபாண்டி தாராளமாகச் சந்தனத் தண்ணீர் தெளித்து மாலை போட்டார். அதிகாரி வந்து தொடங்கி வைக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாதாம். கண்ணாலம் பேசி வைத்த பெண்ணா இது என்று எழுத்தர் பூமயிலுக்கு எரிச்சல்.

மூலையில் கிடந்த பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தாள். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளும் லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றி, இன்டர்நெட்டில் இணைத்தாள்.

“இந்தக் கிழட்டுப் பொட்டியிலயா இன்டர்நெட்டு?” என்று சிரித்த மருதுபாண்டி, மறுநாளிலிருந்து வெட்கமில்லாமல் அதில்தான் விருதுநகர் மிளகாய் விலை பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்தார். “இன்னைக்கு விலை என்ன, காட்டுங்க” என்றார். மருதுபாண்டி புதியதன் சுவிட்சைத் தட்டினார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, சந்தன வாசனை. அவ்வளவுதான்.

பூமயில் பழசைப் பார்த்து விலையைச் சொன்னாள். அதிகாரி எழுந்துபோய் அதை வியந்து பார்த்தார். உடனே மருதுபாண்டி புதியதிலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

“அது அங்கனயே கெடக்கட்டும் சார்” என்றாள் பூமயில். “பொணத்துக்குப் போட்ட மாலைய உசுரோட இருக்கிறதுக்குப் போடாதீங்க.”